பெற்றோல் நிரப்பும்போது வென்ட் வழியே ஏரியில் வழிகிறது: எப்படி நிறுத்துவது?

சிம்கோக்கரை

அனைவருக்கும் வணக்கம். ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில் 21 அடி நீளமான விசைப்படகு ஒன்றை மூன்று கோடைகளாக ஓட்டி வருகிறேன். 2006இல் அமெரிக்காவில் கட்டப்பட்ட படகு. இயந்திரம் உள்ளேயே பொருத்தப்பட்டது. தரைப்பலகைக்குக் கீழே 150 லீற்றர் கொள்ளும் அலுமினியத் தாங்கி இருக்கிறது.

சென்ற சனிக்கிழமை காலை, படகுகள் நிறுத்துமிடமான மரீனாவின் பம்பில் பெற்றோல் நிரப்பிக்கொண்டிருந்தேன். படகின் பக்கவாட்டில், தாங்கியின் காற்று வெளியேறுவதற்காக இருக்கும் வென்ட் துவாரத்திலிருந்து காற்று சீராகச் சீறிக்கொண்டிருந்தது. திடீரென்று அந்தச் சீற்றம் தடைப்பட்டு, குப்பியைக் கவிழ்த்தால் எழும் களகளச் சத்தம் கேட்டது. அடுத்த கணமே துவாரத்திலிருந்து பெற்றோல் பீறிட்டது. பம்பின் மூக்கு (பெற்றோல் வரும் கைப்பிடிக் குழாய்) தானாக நின்றுவிடும் என்று நம்பியிருந்தேன், அது நிற்கவில்லை. கையை எடுப்பதற்குள் இரண்டு கோப்பை அளவாவது ஏரியில் விழுந்திருக்கும். பணியாளர் ஒருவர் ஓடிவந்து வெள்ளை உறிஞ்சு விரிப்புகளைப் போட்டார்; ஆனாலும் வானவில் நிறப் படலம் பக்கத்துப் படகின் அடிப்பக்கம்வரை பரவியதைக் கண்ணால் பார்த்தேன். அடுத்த படகுக்காரர் உதவ நினைத்துப் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தை எடுத்து வந்தபோது பணியாளர் அவரைக் கண்டிப்பாகத் தடுத்துவிட்டார்.

பிறகுதான் வென்ட் துவாரத்துக்குக் கீழே வெள்ளைச் சுவரில் ஒரு மஞ்சள் கோடு நீர்மட்டம்வரை இறங்கியிருப்பதைக் கவனித்தேன். முந்தைய உரிமையாளர் காலத்திலிருந்தே இது நடந்திருக்க வேண்டும். அன்று பிற்பகல் நங்கூரமிட்டு வெயிலில் நின்றபோது, யாரும் எதையும் நிரப்பாத நிலையிலும், அதே துவாரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வந்தது.

இது எதனால் நடக்கிறது, நிரந்தரமாக நிறுத்த என்ன செய்ய வேண்டும் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். இந்த ஏரியின் தண்ணீரைத்தான் சுற்றியிருக்கும் சில ஊர்கள் குடிக்கின்றன என்பதால் மனம் ஆறவில்லை.

தாம்பாத்துறை

வணக்கம் நண்பரே. நான் ஃப்ளோரிடாவின் தாம்பா வளைகுடாவில் படகு வைத்திருப்பவன்; இதே அனுபவம் எனக்கும் உண்டு. பம்பின் மூக்கை நம்பியதுதான் முதல் பிழை. அந்த மூக்கின் நுனியருகே ஒரு சிறு துளை இருக்கும். நிரப்பும்போது அதன் வழியாகக் காற்று உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். பெட்ரோல் எழும்பி அந்தத் துளையை மூடினால்தான் காற்று தடைப்பட்டு உள்ளிருக்கும் வால்வு விழும். காரில் மூக்குக்கும் டேங்குக்கும் இடையே தூரம் குறைவு, வென்ட் அமைப்பும் அதற்கேற்றபடி செய்யப்பட்டது, ஆகவே அது சரியாக வேலை செய்கிறது. படகில் மேல்தள மூடியிலிருந்து டேங்க்வரை ஒன்றரை, இரண்டு மீட்டர் ஹோஸ் வளைந்து போகிறது. பெட்ரோல் அவ்வளவு தூரம் ஏறி மூக்கைத் தொடுவதற்கு முன்பே, அதைவிடத் தாழ்வான வென்ட் வாய் வழியாக வெளியேறிவிடும்.

நான் வென்ட் ஹோஸின் நடுவில் ராக்கோர் லைஃப்கார்ட் என்னும் பிரிப்பானைப் பொருத்தினேன். காற்றைப் போகவிட்டு, திரவம் வந்தால் தடுத்து டேங்குக்கே திருப்பி அனுப்பும் சிறு உருளை அது. ஆறு ஆண்டுகளாக ஒரு சொட்டுக்கூட வெளியே விழவில்லை. நீங்களும் அதையே செய்யுங்கள், பிரச்சினை முடிந்துவிடும்.

நீரோடி

என் நண்பர் ஒருவர் செலவில்லாத வழி ஒன்றைச் செய்கிறார். நிரப்பும் நேரத்தில் மட்டும் வென்ட் துவாரத்தை ஒரு ரப்பர் அடைப்பானால் மூடிவிட்டு, முடிந்ததும் எடுத்துவிடுகிறார். வழியவே வழியாது என்கிறார். இதில் ஏதாவது குறை இருக்கிறதா?

எஞ்சின்கூடம்

நீரோடி, தயவுசெய்து உங்கள் நண்பரிடம் இன்றே சொல்லி அதை நிறுத்தச் செய்யுங்கள். நான் பதினெட்டு ஆண்டுகளாகப் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவன்; அந்த அனுபவத்தில் சொல்கிறேன். வென்டை மூடிவிட்டால் உள்ளே இருக்கும் காற்று போக வழியில்லாமல் பெட்ரோலோடு நிரப்பும் கழுத்து வழியாகவே திரும்பிப் பீறிடும். நிரப்புபவரின் முகத்திலும் உடையிலும் அது விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதைவிடப் பெரிய ஆபத்து டேங்குக்கு. அமெரிக்காவில் இந்த வகைப் படகுகளின் டேங்குகள் பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு அழுத்தத்தில்தான் சோதிக்கப்படுகின்றன. கூட்டாட்சி விதியின்படி வென்ட் அமைப்பு, டேங்கினுள் ஏறும் அழுத்தத்தை, டேங்கின் விவரச் சீட்டில் குறித்த அளவில் 80 சதவீதத்தைத் தாண்டவிடக் கூடாது. அடைப்பானை எடுக்க ஒருநாள் மறந்து வெயிலில் நிறுத்தினால் டேங்கின் பற்றவைப்புகள் எல்லாம் சோதனைக்கு உள்ளாகும். மறந்தபடியே ஓட்டினால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி நடு ஏரியில் எஞ்சின் பெட்ரோல் கிடைக்காமல் நின்றுவிடும்.

சிம்கோக்கரை ஐயா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் எந்தக் கருவி வாங்கினாலும் தீராது.

முதலாவது, நிரப்பும்போது பீறிட்டது. தாம்பாத்துறை சொன்ன காரணம் சரிதான், அதனுடன் ஒரு கணக்கைச் சேர்க்க விரும்புகிறேன். நிரப்பும் ஹோஸின் உள்விட்டம் பெரும்பாலும் 38 மில்லிமீட்டர். ஒன்றரை மீட்டர் நீள ஹோஸ் நிறையப் பெட்ரோல் நின்றால் அது மட்டுமே சுமார் 1.7 லிட்டர். உங்கள் படகில் வென்ட் வாய் மேல்தள மூடியைவிடத் தாழ்வாக இருக்கிறது என்று நினைக்கிறேன். பெரும்பாலான படகுகளில் அப்படித்தான். ஆகவே கழுத்தில் பெட்ரோல் தெரிவதை நிரப்புகிறவர் பார்க்கும் முன்பே ஹோஸில் நிற்கும் அந்தத் திரவத்தின் பாரம் மீதியை வென்ட் வழியே வெளியே தள்ளிவிடும். பம்பின் வேகத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் சாலையோரப் பெட்ரோல் பம்புக்கு நிமிடத்துக்கு 10 கேலன் என்ற உச்ச வரம்பு உண்டு. அந்த வேகத்திலேயே நொடிக்கு அறுநூறு மில்லிலிட்டருக்கு மேல் பாய்கிறது. களகளச் சத்தம் கேட்டுக் கை விலக இரண்டு நொடி ஆனால் ஒரு லிட்டருக்கு மேல் கூடுதலாகப் போய்விடும். அதே கூட்டாட்சி விதி, நிமிடத்துக்கு 2 கேலன்வரை வென்டில் வழியும் பெட்ரோல் படகுக்குள் புகக் கூடாது என்றுதான் கேட்கிறது. தண்ணீரில் விழாமல் இருப்பதைப் பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை. உள்ளே புகுந்தால் ஆவி படகின் அடிக்குழியான பில்ஜில் தங்கி வெடிக்கும் என்பதால் படகு கட்டுபவர்கள் வென்ட் வாயை வெளிப்புறச் சுவரில் வைத்தார்கள். அது நியாயமே. ஆனால் அதனால் தவறு செய்யும்போது தண்டனை முழுவதும் தண்ணீருக்குப் போகிறது.

இரண்டாவது, பிற்பகலில் சொட்டியது. இதற்குப் பம்பு காரணமே இல்லை. பெட்ரோல் ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் அதன் கனஅளவு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு கூடும். மரீனாவின் நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வந்த 150 லிட்டர், வெயிலில் 15 டிகிரி சூடேறினால் இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் பெருகும். விளிம்புவரை நிரப்பிய டேங்கில் அந்த இரண்டு லிட்டருக்கு இடம் கிடையாது; அது போகக்கூடிய ஒரே வழி வென்ட்.

ஆகவே முதல் மருந்து எந்தக் கடையிலும் வாங்குவது அல்ல. டேங்கின் கொள்ளளவில் குறைந்தது பத்தில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள். உங்களுக்கு 15 லிட்டர். அளவுமானியை நம்ப வேண்டாம், படகுகளில் அது காட்டுவது உத்தேசம் மட்டுமே. முள் கால் பங்கில் நிற்கும்போது எத்தனை லிட்டர் ஏற்றினீர்கள், எந்த ஒலி கேட்டது என்பதை ஒரு சிறு நோட்டில் நான்கைந்து முறை எழுதினால் உங்கள் டேங்கின் குணம் உங்களுக்குத் தெரிந்துவிடும். பிறகு பம்பில் நிற்கும் முன்பே எத்தனை லிட்டர் என்று முடிவு செய்து, பம்பின் மீட்டரைப் பார்த்து நிறுத்துங்கள். கைப்பிடியைக் கொக்கியில் மாட்டிவிட்டு அப்பால் போகக் கூடாது. கடைசி 20 லிட்டரைக் கைப்பிடியை மெல்ல அழுத்தி மிக மெதுவாக விடுங்கள்.

அடுத்ததாக, பக்கவாட்டுப் பலகையைக் கழற்றி வென்ட் ஹோஸ் போகும் பாதையைக் கண்ணால் பாருங்கள். அது டேங்கிலிருந்து இறக்கமே இல்லாமல் தொடர்ந்து ஏறி, படகின் மேல்விளிம்புக்கு அடியில் எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரத்தில் வளைந்து, அதன்பின் வென்ட் வாய்க்கு இறங்க வேண்டும். நடுவில் எங்காவது தொங்கிப் பள்ளம் விழுந்திருந்தால் அதில் பெட்ரோல் தேங்கும். அடுத்தமுறை நிரப்பும்போது காற்று அந்தத் தேக்கத்தைத் தள்ளிக்கொண்டு வந்து வெளியே துப்பும். டேங்க் பாதிதான் நிறைந்திருந்தாலும் வழிகிறது என்று சொல்கிறவர்களின் படகில் நான் பெரும்பாலும் இதைத்தான் கண்டேன். வென்ட் வாயில் தீத்தடுப்புக்காக ஒரு கம்பி வலை உண்டு. அதையும் பாருங்கள். ஃப்ளோரிடாவில் குளவிகள் அங்கே மண்கூடு கட்டிவிடுகின்றன. உங்கள் பக்கத்தில் சிலந்தி வலையும், படகுக்குப் பூசும் மெழுகும் அடைத்திருக்கலாம். அந்த வலையைச் சுத்தம் செய்யலாமே தவிர, ஒருபோதும் பிய்த்து எறியக் கூடாது.

சவர்க்காரம் பற்றி ஒரு வார்த்தை. பணியாளர் செய்தது மிகச் சரி. சவர்க்காரம் போட்டால் படலம் கண்ணுக்கு மறையும், ஆனால் பெட்ரோல் நுண்துளிகளாக நீரில் கலந்து கீழே போய்விடும்; மேலே மிதந்திருந்தால் விரிப்பால் எடுத்திருக்கலாம், பெரும்பகுதி ஆவியாகவும் போயிருக்கும். அமெரிக்காவில் அப்படிச் செய்வது சட்டப்படி குற்றம்.

தாம்பாத்துறை

அண்ணா, உங்கள் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் ஒரு கருத்து வேறுபாட்டைப் பதிவு செய்கிறேன். மனிதர்கள் மறப்பார்கள், பேச்சில் கவனம் சிதறுவார்கள், படகைக் கடன் வாங்கும் மைத்துனருக்கு நோட்டில் எழுதியது தெரியாது. கருவி மறக்காது. ஒழுக்கத்தை மட்டும் நம்பச் சொல்வது போதாது என்பது என் எண்ணம். பிரிப்பானை இரண்டாம் இடத்துக்குத் தள்ள வேண்டியதில்லை.

எஞ்சின்கூடம்

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நானும் வாடிக்கையாளர்களுக்கு அதைப் பொருத்தித் தருகிறேன். ஆனால் அதைப் பொருத்திவிட்டோம் என்ற தைரியத்தில் விளிம்புவரை நிரப்பத் தொடங்குகிறார்கள் என்பதுதான் என் கவலை. பிரிப்பான் திரவத்தை டேங்குக்குத் திருப்ப வேண்டுமானால் டேங்கில் இடம் இருக்க வேண்டும். இடமே இல்லாத டேங்கில் வெயிலால் பெருகும் இரண்டு லிட்டரை அது எங்கே கொண்டுபோய் வைக்கும்? மேலும், டேங்கைவிட உயரமான இடத்தில், செங்குத்தாக, ஹோஸின் விட்டத்துக்குப் பொருத்தமான அளவில் அதைப் பொருத்தினால்தான் வேலை செய்யும். சாய்த்துக் கட்டி வைத்துவிட்டு "இது உதவாத பொருள்" என்று குறைசொன்னவர்களும் உண்டு. காலி இடம், ஹோஸின் பாதை, அதற்குப் பின் பிரிப்பான் என்ற வரிசையை நான் மாற்றமாட்டேன். உங்கள் மைத்துனருக்காக அதையும் வையுங்கள் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஈரிக்கரையாள்

நான் ஈரி ஏரியில் 2014இல் கட்டப்பட்ட படகு வைத்திருக்கிறேன். என் சிக்கல் இதற்கு எதிர்மாறானது. பம்பின் மூக்கு ஐந்து லிட்டருக்கு ஒருமுறை தானாகவே நின்றுவிடுகிறது, 60 லிட்டர் நிரப்ப அரைமணி நேரம் ஆகிறது. சென்ற ஆண்டுவரை இப்படி இல்லை. இதுவும் வென்ட் சார்ந்ததா?

எஞ்சின்கூடம்

ஆம் அம்மா, அநேகமாக உங்கள் வென்ட் பாதையில் இருக்கும் கரிப்பெட்டி நனைந்துவிட்டது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008இல் இறுதி செய்த ஆவி உமிழ்வு விதிகளுக்குப் பிறகு, நிலையான டேங்க் உள்ள பல பெட்ரோல் படகுகளில் வென்ட் ஹோஸின் நடுவே கரித்துண்டுகள் நிரம்பிய பெட்டி ஒன்றை வைக்கிறார்கள். பகல் வெப்பத்தில் டேங்கிலிருந்து கிளம்பும் ஆவியைக் கரி பிடித்துவைத்துக்கொள்ளும். இரவில் டேங்க் குளிர்ந்து காற்றை உள்ளே இழுக்கும்போது அந்த ஆவி திரும்பிப் போகும். இது ஆவிக்காகச் செய்யப்பட்டது, திரவம் அதற்கு ஆகாது. நீங்களோ வேறு யாரோ ஒருமுறை அளவுக்கு மீறி நிரப்பியிருந்தாலே கரி பெட்ரோலில் ஊறி, காற்றோட்டம் தடைப்பட்டு, டேங்கில் பின்னழுத்தம் ஏறி மூக்கு நின்றுகொண்டே இருக்கும்.

சோதிக்க வேண்டுமானால், நல்ல காற்றோட்டத்தில், எஞ்சினும் பேட்டரியும் அணைந்த நிலையில், ஒரு தொழிலாளி பெட்டியின் டேங்க் பக்க ஹோஸைக் கழற்றிக் காற்று தாராளமாகப் போகிறதா என்று பார்ப்பார். அடைத்திருந்தால் பெட்டியை மாற்ற வேண்டும். அதை நீக்கிவிட்டு நேரடியாக ஹோஸை இணைக்க யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கரிப்பெட்டி உள்ளவர்களுக்குக் காலி இடம் விடுவது என்பது பணத்தையும் மிச்சப்படுத்தும் விஷயம்.

சிட்னிவாசி

என்னுடையது வெளிப்புற எஞ்சின், தொட்டி 25 லிட்டர் கையடக்க வகை. அது வெயிலில் பந்துபோல் உப்பிவிடுகிறது. வென்டைத் திறந்தே வைக்கலாமா?

எஞ்சின்கூடம்

எப்போதும் திறந்து வைத்தால் ஆவி படகுக்குள் இறங்கித் தங்கும்; பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. ஓடும்போது தொட்டியின் வகைக்கேற்ப வென்டைத் திறங்கள், நிறுத்தியபின் மூடுங்கள். அமெரிக்க விதிப்படி செய்யப்பட்ட புதிய கையடக்கத் தொட்டிகள் 5 பவுண்டு அழுத்தம்வரை தானாகவே மூடியிருக்கும்; அவை உப்புவது இயல்பு. ஆனால் அந்த அழுத்தம் பெட்ரோலை எஞ்சினுக்குள் தள்ளக்கூடும், ஆகவே நிறுத்தியவுடன் எரிபொருள் ஹோஸை எஞ்சினிலிருந்து கழற்றிவிடுங்கள். நிரப்பும்போது தொட்டியைப் படகிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, மூக்கு தொட்டியின் வாயைத் தொட்டபடி இருக்க நிரப்புங்கள். நிலைமின் பொறி வராமல் இருக்க அது மிக அவசியம்.

சிம்கோக்கரை

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின்கூடம் அண்ணா சொன்னபடி பக்கப் பலகையைக் கழற்றினேன். வென்ட் ஹோஸ் தாங்கியிலிருந்து கொஞ்சம் ஏறி, மிதவை அங்கிகள் வைக்கும் பெட்டியின் பின்னால் ஒரு முழம் தொங்கி, மறுபடியும் ஏறி வென்ட் வாய்க்குப் போயிருந்தது. அதைப் பிடித்திருந்த கவ்வி ஒன்று உடைந்து அடியில் கிடந்தது. தொங்கிய இடத்தை ஒரு குவளைக்கு மேலே பிடித்துக் கழற்றியபோது பழுப்பு நிறத்தில் பழைய பெற்றோல் வடிந்தது. நாற்றம் அன்றெல்லாம் கையை விட்டுப் போகவில்லை. வென்ட் வாயின் வலையில் பாதிக்குமேல் காய்ந்த மெழுகு. ஆண்டுதோறும் வசந்தத்தில் படகைப் பளபளக்கச் செய்ய நானே தேய்த்துத் தேய்த்து அடைத்த மெழுகு அது.

ஏ1-15 என்னும் எரிபொருள் ஹோஸ் வகைக் குறி அச்சிட்ட 16 மில்லிமீட்டர் ஹோஸ் வாங்கி, விளிம்புக்கு அடியில் ஒட்டியபடி உயர்த்தி வளைத்து, துருப்பிடிக்காத கவ்விகளால் இறுக்கியிருக்கிறேன். வலையை மென்மையான தூரிகையால் சுத்தம் செய்தேன். அதன்பின் மூன்று முறை நிரப்பிவிட்டேன், ஒவ்வொரு முறையும் மீட்டரைப் பார்த்து 135 லீற்றர் கணக்கில் நிறுத்தினேன். மனைவி வென்ட் அருகே படகுத்துறை மேடையில் நின்று காதால் கேட்டுக்கொண்டிருந்தார். சீற்றத்தின் சுருதி மெல்ல ஏறுவதை அவர் என்னைவிடத் தெளிவாகக் கண்டுபிடிக்கிறார். "இப்போது மெதுவாக விடுங்கள்" என்று அவர் சொல்லும் இடமும் மீட்டர் காட்டும் இடமும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. சென்ற ஞாயிறு 31 டிகிரி வெயிலில் ஐந்து மணி நேரம் நங்கூரமிட்டிருந்தோம். சொட்டுகிறதா என்று அறிய வென்ட் வாய்க்குக் கீழே ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒட்டியிருந்தேன்; மாலையில் எடுத்துப் பார்த்தேன், கறையே இல்லை.

பிரிப்பானையும் பொருத்த விரும்புகிறேன், ஏனெனில் அடுத்த கோடையில் என் மகனும் படகை ஓட்டப்போகிறான். இலையுதிர் காலத்தில் படகைக் கரையேற்றியபின் செய்யலாமா, அல்லது இப்போதே செய்ய வேண்டுமா?

தாம்பாத்துறை

ஐயா, கவ்வி உடைந்த விஷயத்தைப் படித்ததும் என் படகையும் திறந்து பார்த்தேன். பிரிப்பானுக்கும் வென்ட் வாய்க்கும் நடுவே எனக்கும் ஒரு தொங்கல் இருந்தது. அதில் மழைநீர் தேங்கியிருந்தது. சரிசெய்துவிட்டேன். அண்ணா சொன்ன வரிசையை ஏற்றுக்கொள்கிறேன்.

எஞ்சின்கூடம்

மிக்க மகிழ்ச்சி. பிரிப்பானுக்கு அவசரமில்லை, இலையுதிர் காலத்தில் செய்யுங்கள். அப்போது டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் வேலை பாதுகாப்பாக இருக்கும். அதற்குமுன் இன்னொன்று இருக்கிறது. புதிய ஹோஸ் முதல் சில நாட்களில் சற்றே தளரும், ஆகவே வரும் வார இறுதியில் கவ்விகளை மறுபடியும் இறுக்கிப் பாருங்கள். இணைப்புகளைச் சுற்றிக் காகிதத்தால் ஒற்றி, ஈரமோ மணமோ இருக்கிறதா என்று சோதியுங்கள். நிரப்பும்போது எல்லாரும் படகுத்துறை மேடையில் இறங்கியிருக்கட்டும், கதவுகளும் மூடிகளும் சாத்தியிருக்கட்டும். முடிந்ததும் அவற்றைத் திறந்து, எஞ்சின் அறையின் ஆவியை வெளியேற்றும் காற்றாடியை முழு நான்கு நிமிடம் ஓடவிட்டு, உங்கள் மூக்கை பில்ஜுக்கு அருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தபிறகே சாவியைத் திருப்புங்கள். இந்தமுறை ஹோஸைக் கழற்றி மாட்டியிருப்பதால் அதை ஒருநாளும் விடவேண்டாம்.